ஷஃபா மலையில் நிற்கும் தண்ணீர்

ஷஃபா மலை,
அக்டோபர் கடைசி.

என் அன்புக் கணவர் மொஸ்பாஹ் அவர்களுக்கு, ஹனியா ஸலாம் கூறி எழுதுவது.

இறைவன் காவலில் இங்கே மூவரும் நலம். நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா, அறையில் நெரிசல் குறைந்ததா என்று தெரியவில்லை. போன முறை சிறைக்குப் பார்க்க வந்தபோது கேட்க நினைத்தேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கும் அதிகாரி அவர்களுக்கும் என் ஸலாம். என் கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேலே எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பார்த்ததும் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். வரட்டும். ஆறிய பிறகு மிச்சத்தைப் படியுங்கள். மெத்னீன் நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டேன். உங்கள் அப்பா விட்டுவிட்டுப் போன நிலத்துக்கு வந்துவிட்டோம், நானும் உங்கள் அக்கா மப்ரூகாவும் தம்பி நிஸாரும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள். கேட்டுவிட்டு மீறுவதைவிடக் கேட்காமல் செய்வது கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று எனக்குப் பட்டது.

காரணம் நிஸார். நீங்கள் பிடிபட்டது எல்லை தாண்டி வந்த கள்ளப் பெட்ரோலோடு. வண்டி யாருடையது என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. உங்கள் பழைய சிநேகிதர் ஒருவர் நம் தெருவுக்கு அடிக்கடி வர ஆரம்பித்தார் என்று மட்டும் எழுதுகிறேன். பெயர் எதற்கு, மீசையை நினைத்துக்கொள்ளுங்கள். வரும்போதெல்லாம் நிஸாருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுப்பார், தோளில் கை போடுவார், “உங்கண்ணன் இடம் காலியாத்தான் இருக்கு தம்பி” என்பார். எல்லாம் என் காதில் விழும்படிதான்.

அன்றைக்கு வண்டியில் நீங்கள் தனியாகத்தான் இருந்தீர்கள். இது விசாரணையிலேயே முடிவான விஷயம். நானும் அதைத்தான் சொல்கிறேன், யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்று முதல் நிஸார் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. உங்களைப் பார்க்க வா என்று கூப்பிட்டால் தலைவலி என்கிறான். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவனுக்குப் பால்பல் விழவில்லை. நமக்குப் பிள்ளை பிறக்காமல் போனபோது அவன்தான் பிள்ளை என்று நீங்களே சொன்னீர்கள். அந்தப் பிள்ளையை அந்த ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார விட்டுவிட்டு, நான் உங்களுக்குச் சாப்பாட்டுக் கூடை தூக்கிக்கொண்டு வந்து என்ன பிரயோசனம்?

நிலத்தைப் பற்றி எழுதுகிறேன். ஓடையை மறித்து உங்கள் அப்பா போட்ட மூன்று கரைகளில் மேல்கரை தப்பித்திருக்கிறது. நடுக்கரை பாதி கரைந்துவிட்டது. கீழ்க்கரை இருந்த இடமே தெரியவில்லை, ஓடை அதன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. கரைகளுக்குப் பின்னால் வண்டல் தேங்கிய இடங்களில் மட்டும்தான் மண், மற்றதெல்லாம் கல். ஒலிவ மரங்கள் உயிரோடு இருக்கின்றன, ஆனால் கிளை கழிக்காமல் காடாகிக் கிடக்கின்றன. அத்தி மரம் ஒன்று யாரும் கேட்காமலே காய்த்து, யாரும் தின்னாமலே உதிர்த்திருக்கிறது. மலையைக் குடைந்த அறைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மழைநீர்த் தொட்டிக்குள் அக்காவே இறங்கிச் சுத்தம் செய்தாள். உள்ளே ஒரு முள்ளெலி செத்துக் கிடந்ததாம். “என் தம்பி மாதிரியே முறைச்சுக்கிட்டு செத்திருக்கு” என்று மேலே எறிந்தாள். எந்தத் தம்பியைச் சொன்னாள் என்று கேட்கவில்லை.

என் திட்டம் இதுதான். நடுக்கரையை முதலில் எழுப்ப வேண்டும். முதல் மழைக்குப் பார்லி, அதன் ஓரத்தில் பருப்பும் மொச்சையும். ஆடுகளும் கோழிகளும் இருக்கின்றன. டீத்தூள், சர்க்கரை, தீப்பெட்டி தவிர எதற்கும் மலை இறங்கக்கூடாது. நிஸார் சிரிக்கிறான். “கல்லுல ரொட்டி முளைக்குமா அண்ணி?” என்கிறான். அக்கா விடுவாளா? “பெட்ரோல்ல முளைச்ச ரொட்டியைத்தான் இத்தனை நாள் தின்னியே, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். அவன் எழுந்து, போனுக்கு சிக்னல் கிடைக்கும் பாறை மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

இந்தக் கடிதத்தோடு வரும் கூடையில் முட்டைகள் மட்டும் நம்முடையவை. மற்றதெல்லாம் கடையில் வாங்கியது. சாப்பிடுங்கள்.

இறைவன் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும். எனக்குத் தரவேண்டாம், அது இருந்தால் வேலை நடக்காது.

உங்கள் ஹனியா


ஷஃபா மலை,
பிப்ரவரி தொடக்கம்.

என் அன்புக் கணவர் அவர்களுக்கு, ஹனியாவின் ஸலாம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உங்கள் பதில் வந்தது. “அந்த மலை எங்கப்பாவைத் தின்னுச்சு. இறங்கி வா.” அவ்வளவுதான், ஸலாம்கூட இல்லை. அதை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. சொல்வதற்கு நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லாமல் இருந்தது. இப்போது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நடுக்கரையை மூவருமாக எழுப்பினோம். மண் சுமந்து, மிதித்து, முகப்பில் கல் அடுக்கினோம். உபரித் தண்ணீர் வழிந்து ஓடுவதற்குக் கரையின் ஓரத்தில் கலிங்கு விட வேண்டும் அல்லவா, அதை நான் உயரமாக வைக்கச் சொன்னேன். நிறையத் தண்ணீர் நிற்கட்டும் என்ற ஆசை. முதல் தூறலில் பார்லி விதைத்தோம், பச்சை கட்டியது. அக்கா தினமும் அதைப் பார்த்துவிட்டு வந்துதான் டீ போடுவாள்.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. நமக்கு மேலே ஓடையில் பெல்காசெமின் கரைகள் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியும். அவரும் என்னைப் போலவே ஆசைப்பட்டுத் தம் கலிங்கை உயர்த்தி வைத்திருந்தார். அங்கே தண்ணீர் முட்டி நின்று, மொத்தமாக வழிந்து, மொத்தமாக நம்மிடம் வந்தது. என் கலிங்கு வரை ஏறுவதற்குள் கரை நடுவில் பிளந்துவிட்டது. பார்லி போயிற்று. சுமந்த மண் போயிற்று. கீழே மேய்ந்துகொண்டிருந்த சினை ஆட்டையும் வெள்ளம் கொண்டுபோனது. நாங்கள் மூவரும் பாறை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காத இரைச்சல். அக்கா மட்டும் கத்தினாள்.

கரை உடைந்தபோது உங்கள் அப்பா அழுததை நீங்கள் சிறுவனாக இருக்கும்போது பார்த்ததாக ஒருமுறை சொன்னீர்கள். அன்று அது எனக்குப் புரிந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மலை அவரைத் தின்னவில்லை. எல்லோரும் அவரைத் தனி ஆளாக விட்டார்கள், அதுதான் தின்றது.

தண்ணீர் வடிந்ததும் அக்கா நேராக பெல்காசெமின் வாசலுக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். “ஏய் பெல்காசெம், மழை உனக்கு மட்டும் பெய்யுதுன்னு எழுதி வாங்கிட்டியா? நீ மூக்கு முட்டக் குடிச்சிட்டு எங்க தலையில வாந்தி எடுப்பியா?” என்று ஆரம்பித்தாள். அவர், “வீட்டை விட்டு ஓடிப்போன குடும்பத்துக்கு ஓடையில என்ன பேச்சு?” என்றார். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள். திரும்பி வந்துவிட்டோம்.

அதே வாரத்தில் மீசைக்காரர் மலையேறி வந்தார். புது வண்டி, கண்ணாடியில் இன்னும் கடைக்காரன் ஒட்டிய தாள் உரிக்கப்படவில்லை. உடைந்த கரையைப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டவர் போல, “எதுக்கு தங்கச்சி இந்தக் கஷ்டம்?” என்றார். நிஸார் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து வண்டியில் ஏறினான். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஏறியிருக்க மாட்டான் என்று இப்போதும் நம்புகிறேன்.

மறுநாள் நான் மலை இறங்கினேன். பெனி கெதாஷ் ஊர் வரை நடை, அங்கிருந்து ஷேர் டாக்ஸி. கையில் கரை மண், காலில் கரை மண், அப்படியே போய் மெத்னீனில் மீசைக்காரருடைய டயர் கடை வாசல்படியில் உட்கார்ந்தேன். சண்டை போடவில்லை. சத்தமாகப் பேசினேன், அவ்வளவுதான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஸலாம் சொன்னேன், “என் கொழுந்தனுக்காகக் காத்திருக்கேன், இந்தக் கடையில அவனுக்கு என்ன வேலைன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று கேட்டேன். டயர் வாங்க வந்தவர்கள் நின்றார்கள். எதுவும் வாங்க வராதவர்களும் நின்றார்கள். பேக்கரிக்காரர் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மீசைக்காரர் வெளியே வந்து சிரித்தார், பிறகு கெஞ்சினார், பிறகு பல்லைக் கடித்தார். நான் நகரவில்லை.

நிஸார் வெளியே வந்து, “மானத்தை வாங்காத அண்ணி, போ” என்றான். அப்போது நான் எழுந்து அவன் காதருகே ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. நீங்கள் ஊகித்திருப்பீர்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. அவன் முகம் வெளிறிப்போனது. இருந்தும் கால் நகரவில்லை. கடைசியில் அவனை நகர்த்தியது நான் இல்லை, மீசைக்காரர்தான். “இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுடா சாமி, இது இன்னும் ஒரு மணி நேரம் இங்க உட்கார்ந்தா தெருவே என் கணக்கு கேட்கும்” என்று அவனுடைய பையைத் தூக்கி வெளியே வைத்தார். சத்தம் என்றால் அந்தத் தொழிலுக்கு ஆகாது போலிருக்கிறது.

திரும்பி வரும் வழி முழுவதும் நிஸார் பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஆட்டுக்கொட்டடிக்குப் போய்விடுவான். அக்காவிடம் பேசுவான், ஆட்டிடம் பேசுவான், என்னிடம் இல்லை. ஆனால் வேலை செய்தான். கோபத்தில் ஒரு மனிதன் எவ்வளவு கல் தூக்குவான் என்பதை நான் இப்போதுதான் பார்க்கிறேன். பழைய கரையின் அடித்தளத்தைத் தோண்டி, பெரிய கற்களை உருட்டிவந்து பதித்தான். கலிங்கைத் தாழ்த்தி, அகலமாக்கி, இருபக்கமும் கல் கட்டினான். நான் ஏதாவது யோசனை சொன்னால் அதற்கு நேர் எதிராகச் செய்தான். இரண்டு மூன்று இடங்களில் அவன் செய்ததுதான் சரி.

ஒருநாள் காலையில் பெல்காசெம் கோவேறு கழுதையோடு வந்து நின்றார். அக்கா, “என்ன, மிச்சத்தையும் உடைக்க வந்தியா?” என்றாள். அவர் நிஸார் போட்ட அடித்தளத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, “என் கலிங்குல ஒரு வரிசைக் கல்லை எடுத்துட்டேன். இனி தண்ணி ஒரேயடியா வராது” என்றார். கழுதையை நிஸாரிடம் ஒப்படைத்தார். கிளம்பும்போது, “இவ வாய்க்குப் பயந்துக்கிட்டு இல்ல” என்று அக்காவைக் காட்டிச் சொன்னார். அக்கா அவருக்கு டீ கொடுத்தாள், சர்க்கரையைக் குறைத்துப் போட்டு.

போன வாரம் பகலில் வானம் கறுத்தது. நான் பயந்து ஆடுகளை மேலே ஏற்றினேன். நிஸார் மண்வெட்டியோடு கரை மேல் போய் நின்றான். இறங்கு என்று கத்தினேன், இறங்கவில்லை. தண்ணீர் வந்தது, கரையைத் தொட்டது, ஏறியது. கலிங்கில் ஒரு புதர் வந்து அடைத்துக்கொண்டது. அவன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதை இழுத்து எறிந்தான். தண்ணீர் அந்தப் பக்கம் வழிந்து, சத்தமில்லாமல் கீழே போனது. கரை அசையவில்லை. “நிக்குது அண்ணி! தண்ணி நிக்குது!” என்று கத்தினான். அவன் என்னோடு பேசாத நாட்கள் அந்த நொடியில் முடிந்தன. அவனுக்கும் அது பிறகுதான் உறைத்தது போலிருக்கிறது, வெட்கப்பட்டு அக்கா பக்கம் திரும்பி இன்னொருமுறை அதையே கத்தினான்.

மறுபடி விதைத்துவிட்டோம். காலம் தாழ்ந்துதான், ஆனாலும் மண் நிறைய ஈரம் குடித்திருக்கிறது.

இறங்கி வா என்று எழுதினீர்கள். உங்கள் சொல்லை நான் மீறியது மிகக் குறைவு. இதை மீறுகிறேன்.

இறைவன் உங்களைக் காக்கட்டும்.

உங்கள் ஹனியா


ஷஃபா மலை,
மே மாத நடு.

என் அன்புக் கணவர் அவர்களுக்கு, ஹனியாவின் ஸலாம். அக்காவும் நிஸாரும் ஸலாம் சொல்லச் சொன்னார்கள். பெல்காசெமும் சொன்னார், பெயர் சொல்ல வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

பார்லி அறுத்துவிட்டோம். பொய் சொல்லப் போவதில்லை, ஓரத்தில் ஒரு பகுதியைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டது. காலம் தாழ்ந்து விதைத்ததால் கதிர்கள் குட்டை. அப்படியும் அடுத்த அறுப்புவரை ரொட்டிக்கு ஆகும், விதைக்கும் எடுத்து வைத்தாயிற்று. பருப்பு கொஞ்சம். மொச்சையை அக்கா பச்சையாகவே பாதி தின்றுவிட்டாள். ஒலிவக் கிளைகளை பெல்காசெமும் நிஸாரும் சேர்ந்து கழித்துவிட்டார்கள். நல்ல எண்ணெய்க்கு இன்னும் இரண்டு குளிர்காலம் ஆகும் என்கிறார் அவர். ஆகட்டும். வெள்ளத்தில் போன ஆட்டுக்குப் பதில் வீட்டிலேயே இரண்டு குட்டிகள் பிறந்திருக்கின்றன. இந்தக் கூடையில் ரொட்டி, வறுத்த பார்லி மாவு, பாலாடைக்கட்டி, முட்டை, அவித்த மொச்சை எல்லாம் இங்கே விளைந்தவை. எண்ணெய் பெல்காசெம் வீட்டுடையது, அதே ஓடைத் தண்ணீரில் விளைந்தது என்பதால் அதையும் நம்முடையது என்றே வைத்துக்கொள்கிறேன்.

கீழ்க்கரையை இந்தக் கோடையில் எடுத்துக் கட்டப்போகிறோம். அதற்குப் பின்னால் மண் சேரச் சில வருடம் ஆகும். அக்கா, “நாம செத்தப்புறம் யார் விதைக்கிறது?” என்று கேட்டாள். நிஸார், “நான் என்ன நாளைக்கா சாகப்போறேன்?” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை பார்க்க அனுமதிக்கும் நாளில் நிஸார் உங்களைப் பார்க்க வருகிறான். அவனாகவே சொன்னான். “அண்ணன்கிட்ட ஒண்ணு சொல்லணும் அண்ணி. அங்க, எல்லார் முன்னாடியும் சொல்லணும்” என்றான். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கம்பிக்குப் பின்னால் அதிகாரிகள் நிற்கும் இடத்தில் அவன் எதையும் சொல்ல ஆரம்பித்தால், தயவுசெய்து நடுவில் பேசிவிடுங்கள். ஆட்டைப் பற்றிக் கேளுங்கள், கரையைப் பற்றிக் கேளுங்கள். அவன் கைகளைப் பாருங்கள், அதில் காய்ப்பு ஏறியிருக்கிறது. அவன் சொல்ல வருவது உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும். மிச்சத்தை வீட்டில் பேசிக்கொள்ளலாம். நீங்கள் அவனுக்காகச் செய்ததை அவனே கெடுத்துவிட விடாதீர்கள். அதிகாரி அவர்களே, இது எங்கள் குடும்பத்துப் பாசத்தைப் பற்றிய பேச்சு, வேறொன்றும் இல்லை.

இன்னொரு செய்தி. உங்களை விடும் நாள் தெரிந்ததும் மீசைக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். புது வண்டியோடு சிறை வாசலுக்கு வருகிறாராம். ஆடு அடித்து விருந்தாம். “வாயைத் திறக்காம இருந்தவனை நான் மறக்கமாட்டேன்னு சொல்லு” என்றாராம். அந்த ஆளை அக்கா கல்லால் அடிக்கப் போனாள், நான்தான் தடுத்தேன். சொல்லி அனுப்பியதை உங்களிடம் மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன். அவர் கெட்டவராக மட்டும் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நம் கூரை ஒழுகியபோது தகரம் கொண்டுவந்து போட்டவரும் அவர்தான்.

அன்று அவரும் வாசலில் நிற்பார், நானும் நிற்பேன். அவரிடம் வண்டி இருக்கும். என்னிடம் பெனி கெதாஷ் போகும் ஷேர் டாக்ஸிக்காரரிடம் சொல்லிவைத்த ஒரு இடம் இருக்கும், அதற்குப் பிறகு நடை. நிஸாரை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். அவன் சின்னவன், என் கையில் வளர்ந்தவன், அந்த உரிமை எனக்கு இருந்தது. உங்களிடம் அப்படிச் செய்யமாட்டேன். கூச்சல் போடமாட்டேன், கை நீட்டமாட்டேன். யார் வண்டியிலாவது ஏறிப்போய்விட்டீர்கள் என்றால் நான் திரும்பி மலை ஏறுவேன், கீழ்க்கரையைக் கட்டுவேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் உங்கள் அப்பா அங்கே தனியாக நின்ற மாதிரி நான் நிற்கக்கூடாது என்று ஆசைப்படுகிறேன். இத்தனை மாதமாக எழுதியதில் நான் உங்களிடம் கேட்கும் ஒரே விஷயம் இதுதான். அதையும் கேட்கிறேனே தவிரக் கட்டளையிடவில்லை.

கதவு திறந்ததும், இறைவன் உங்கள் கால்களுக்கு வழி சொல்லட்டும். நான் இடது பக்கம், சுவரோரம் நிற்பேன்.

எப்போதும் உங்கள்,
ஹனியா